துண்டுக்குள் பதினாலு

மாசாணத்தின் காருக்கு முன்னால் போகிற ஆசை விட்டுப்போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வியாழக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கியர்க் கம்பை 'டி' என்கிற எழுத்துக்கு இழுத்தார். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை. அழுத்தி மிதித்தார். இன்னும் பலமாக உறுமியது. காரின் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு நிழல் தேடிப் போனது. கார் மட்டும் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 'ஆர்' என்கிற எழுத்துக்குத் தள்ளிப் பார்த்தார். தாய்ப்பசுவைக் கண்ட கன்றுக்குட்டி மாதிரி கார் துள்ளிக்கொண்டு பின்னால் போனது.

முன்னேறச் சொன்னால் உறுமுவது, பின்வாங்கச் சொன்னால் துள்ளுவது. மனிதர்களில் அப்படிப் பலபேரை மாசாணம் பார்த்திருக்கிறார். காரில் இதுதான் முதல்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் கார் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். கிளட்ச் இல்லாத கார் வைத்திருந்தவர் மாசாணம் ஒருத்தர்தான். துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருத்தரிடம் எழுபதாயிரத்துக்கு வாங்கிய பழைய ஜப்பான் கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். மாசாணத்துக்கு அது ஆடம்பரம் அல்ல, அவசியம். மூன்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பார்த்துவிட்டார். அவருடைய இடது காலுக்கும் கிளட்சுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. மூன்றாவது ஸ்கூல்காரர் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கூடவே தேங்காய் பழமும் வைத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

கார் என்றால் மாசாணத்துக்கு உயிர். அவருடைய அப்பா ஆயுசுக்கும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். ஏறிய வாகனமெல்லாம் பாரவண்டியின் பின்கட்டை ஒன்றுதான். மாசாணமோ மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்து, சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்களையெல்லாம் தன் கடை வாசலில் வரிசையில் நிற்க வைத்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால், இரண்டு தலைமுறை சேர்ந்து உட்கார்ந்த மாதிரி அவருக்கு நெஞ்சு நிறையும்.

ஆனால் கார் வாங்கும்போதே மனைவி பாவாத்தாள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அவள் வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். நான்கு வருஷமாக ஒரு பெரிய டில்டிங் கிரைண்டர் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வருஷமாக மாசாணம் "கையில காசில்ல அம்மணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வருஷம் கார் வந்து நின்றது.

"சரிங்க, வாங்கிப்போட்டீங்க. இருக்கட்டும்" என்றாள் பாவாத்தாள். "ஆனா ஒண்ணு. ரிப்பேருன்னு ஒரு தடவைக்கு அஞ்சாயிரத்துக்கு மேல கேட்டா, அன்னைக்கே வித்துப்போட்டு எனக்குக் கிரைண்டர் வாங்கித் தரோணும். பேச்சு மாறுனீங்கன்னா, நேரா ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிருவேன். அரைக்கறது எனக்கொண்ணும் புதுசில்லீங்க."

மாசாணம் அந்த அம்மன் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவர். அங்கே மிளகாய் அரைத்துப் பூசினால் ஏமாற்றியவர் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. மிளகாய் என்றதுமே இவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தியம் செய்துகொடுத்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அவர் முதலில் செய்த காரியம், ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்ததுதான். அது அவருடைய தொழில் ரகசியம். ஓடும் மோட்டாரில் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்தால், உள்ளே எது போயிற்று என்று சொல்லிவிடுவார். கியர் பாக்ஸில் முனையை வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏழு பிளேட் தேஞ்சுபோச்சு" என்றார் தனக்குத்தானே. "கொறைஞ்சது பதினஞ்சாயிரம்."

அந்தக் காது இருபது வருஷமாகத் தப்புச் சொன்னதில்லை. மோட்டார் விஷயத்தில்.

அன்றிலிருந்து மாசாணம் பின்னாலேயே போக ஆரம்பித்தார். கடைக்குப் பின்னால் போனார். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் போனார். கார் மக்கர் என்று தெரிந்தால்தானே வம்பு? ஓடிக்கொண்டிருந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கேட்டார் ஒருத்தர். பக்கத்து வீட்டு கோவிந்தராஜுலு. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மேற்பார்க்க இப்போது மில் இல்லாததால் தெருவை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாசாணம், நேத்து உங்களுக்குக் கையக் காட்டுனேன், கவனிக்கவே இல்லீங்களே?"

"எங்கீங்ணா?"

"பேக்கரிகிட்ட. உங்க காரு என்னையப் பாத்துட்டே போச்சு. நீங்க அக்கட்டால பாத்துட்டு இருந்தீங்க."

"அது வந்துங்ணா... பின்னால ஓட்டிப் பழகிட்டு இருக்கறனுங்."

"முன்னால ஓட்டிப் பழகிட்டீங்களா?"

மாசாணம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கோவிந்தராஜுலு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் எத்திப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ரிப்பேர் அவ்வளவுதான்.

"ஆட்டோமேட்டிக்குல கை வெச்சா சும்மா உடாதுங்க. இருவதாயிரம் ஆகும்."

"பதினஞ்சுங்ணா. என்ற காது சொல்லுது."

"காது சொல்றது பதினஞ்சு. அது நீங்க ஒரு காதுலதானுங்களே கேட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமை குட்டு உடைந்தது. காரமடைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பாவாத்தாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாசாணம் தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"ஏனுங்க, நம்ம ஊடு எதுக்குங்க இன்னும் முன்னாலயே தெரியுது?"

"ஜப்பான் காரு அம்மணி. கண்ணாடி அப்படி."

"ஊடு சின்னதாயிட்டே போகுதுங்க."

"தூரமாப் போறமில்ல. சின்னதாத்தான் தெரியும்."

"முன்னால தெரியற ஊடு கிட்டத்துல வரோணுமுங்களே. இது எதுக்குங்க அக்கட்டால போகுது?"

மாசாணம் காரை நிறுத்தினார்.

"அஞ்சாயிரமுங்க" என்றாள் பாவாத்தாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலயே!"

"நீங்க எதுக்குச் சொல்றீங்க? ஊடுதான் சொல்லிப்போடுச்சே. எந்த மெக்கானிக்குங்க?"

"உக்கடத்துல நாசர் பாய்னு ஒருத்தர். பன்னெண்டு வருசம் துபாய்ல இந்த வண்டியே பாத்தவர். கோயமுத்தூர்ல இதத் தெறந்து திரும்ப மூடத் தெரிஞ்ச ஒரே ஆளு."

"புதன்கெழமை அவர்கிட்டக் கொண்டு போங்க. நானும் வாரேன். அவர் வாயால என்ன கேக்கறார்னு என்ற காதால கேக்கோணும். அஞ்சுக்குள்ளன்னா என்ற மாவுக் காசுலயே குடுத்தர்றேன். மேலன்னா காரு அங்கயே நிக்கட்டும், வித்துட்டு பஸ்ஸுல வந்தரலாம்."

சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அவள் முன்னால் நடக்க, மாசாணத்தால் காரோடு பின்னாலேயே வீடு வந்து சேர முடியவில்லை. காரின் வாலை வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் போக வேண்டுமே? கோவிந்தராஜுலுவும் இன்னும் மூன்று பேரும் வந்து தள்ளினார்கள்.

இங்கே மாசாணத்தின் கையிருப்பு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காயில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்தால் பழைய செம்புக் கம்பி கிடைக்கும். அதை எடைக்குப் போட்டால் காசு. அந்தக் காசை மாசாணம் வீட்டுக்குக் காட்டியதில்லை. கடை மூலையில், எந்த ஜென்மத்திலும் ஓடாத ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று கிடந்தது. அதன் வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருந்தார். பத்தாயிரத்துச் சொச்சம். அதுபோக மனைவி தரும் ஐந்து. ஆக, பதினைந்து. காது சொன்ன கணக்குச் சரியாக வந்தது. ஒரே ஒரு சிக்கல். நாசர் பாய் பதினைந்து என்று பாவாத்தாள் காதில் விழும்படி சொல்லக் கூடாது. சொல்லாமலும் பேரம் பேச முடியாது.

அப்போதுதான் அவருக்கு மாமனார் ஞாபகம் வந்தது.

பாவாத்தாளின் அப்பா தாராபுரத்துப் பக்கம் மாட்டுத் தரகர். செத்துப் பல வருஷமாயிற்று. மாட்டுச் சந்தையில் யாரும் வாய்விட்டு விலை சொல்வதில்லை. இரண்டு பேர் கைகுலுக்குகிற மாதிரி கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல் பேசும். வெளியே ஆள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு மழை வருமா என்று பேசிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் மாமனாரோடு ஒரு தடவை சந்தைக்குப் போய் மாசாணம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார். மாமனாரிடமிருந்து அவருக்குக் கிடைத்த சீதனம் அது ஒன்றுதான். பெண்களுக்கு அது தெரியவே தெரியாது. மாட்டுச் சந்தையில் பெண்களுக்கு என்ன வேலை?

திங்கட்கிழமை பஸ் ஏறி உக்கடம் போனார். அப்துல் நாசர் இரண்டு கையிலும் கிரீஸோடு ஒரு எஞ்சினுக்குள் இருந்தார். மாசாணம் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தன் விரல்களையே பிடித்துக் காட்டிப் பாடம் எடுத்தார்.

"ஒரு வெரலப் புடிச்சா ஆயிரம் பாய். நாலப் புடிச்சா நாலாயிரம். அஞ்சையும் சேத்தி அமுக்குனா அஞ்சு. மணிக்கட்டப் புடிச்சா பத்து. நெசமான வெலைய வெரல்ல சொல்லுங்க. வாயில நாலாயிரத்து எண்ணூறுன்னு சொல்லுங்க. போதும்."

"ஏங்க, வண்டியவே நான் இன்னும் பாக்கலியேங்க."

"பாக்க வேண்டியதே இல்ல. ஏழு பிளேட்டு. என்ற காதுல கேட்டுட்டேன்."

நாசர் பாய் கொஞ்ச நேரம் மாசாணத்தின் காதைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா பொய்யெல்லாம் சொல்ல மாட்டனுங்க. வாயாலயும் சொல்ல மாட்டேன், கையாலயும் சொல்ல மாட்டேன். அல்லா கேப்பான்."

"நீங்க பொய்யே சொல்ல வேண்டாம் பாய். சும்மா இருங்க. நானே சொல்லிக்கறேன். கை மட்டும் குடுங்க."

"புதன்கெழமை கூட்டிட்டு வாங்க. பாக்கலாமுங்க" என்றார் நாசர் பாய். அது சம்மதம் என்று மாசாணம் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பயிற்சி. கட்டிலில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே வலது கையை இடது கையால் பிடித்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு தன்னோடு தானே பேரம் பேசினார். இடது கை பதினைந்து கேட்டது. வலது கை பன்னிரண்டில் நின்றது. விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிறது. பாவாத்தாள் கதவருகே வந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கை குளுருது."

"சித்திரை மாசத்துலீங்களா?"

"உள்ளங்கை மட்டும் குளுருது."

பாவாத்தாள் துண்டையே பார்த்தாள். துண்டுக்குள் என்னவோ அசைந்து அடங்கியது. அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. மாவு பொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உக்கடம் வரைக்கும் பத்து மைலுக்கு மேல் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனது பற்றி மேட்டுப்பாளையம் ரோட்டில் இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கலாம். பின்னால் வந்த பஸ் டிரைவர் எதிரே ஒரு கார் வருகிறது என்று ஹாரன் அடித்தார். எதிரே வருகிற கார் வந்து சேரவே இல்லை. துடியலூர் வரைக்கும் அடித்துப் பார்த்துவிட்டு, அங்கே இறங்கி ஒரு சோடா குடித்தார். கவுண்டம்பாளையத்தில் ஒரு போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார். எந்தப் பக்கம் பார்த்து ஊதுவது என்று அவர் முடிவு செய்வதற்குள் கார் போய்விட்டது.

பாவாத்தாள் இந்தத் தடவை பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது தோளுக்கு மேல் திரும்பி ஓட்டும் மாசாணம் வழி நெடுக அவள் முகத்துக்கு நேராகவே இருந்தார்.

"கண்ணாலம் ஆனதுல இருந்து நீங்க இத்தன நேரம் என்ற மூஞ்சியப் பாத்ததே இல்லீங்க" என்றாள் பாவாத்தாள். குரலில் என்னவோ இருந்தது.

"தலைய சித்தெ அக்கட்டால சாச்சுக்க அம்மணி. லாரி மறைக்குது."

பாவாத்தாள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உக்கடம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒர்க் ஷாப்பில் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோதுதான் மாசாணத்துக்குத் தெரிந்தது, காரைப் போலவே தன் கழுத்துக்கும் முன்னால் வருகிற ஆசை விட்டுப்போயிற்று என்று. இடது தோளைப் பார்த்த மேனிக்குப் பூட்டிக்கொண்டது. வலது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவரால் பார்க்க முடியவில்லை. நாசர் பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். கண்ணுக்கு நேராகச் சுவர். சுவரில் ஒரு பழைய காலண்டர். பக்கத்தில் லேத் பட்டறை.

அரைமணி நேரம் மாசாணம் காலண்டர் பார்த்தார். காருக்கடியில் யாரோ புகுந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. பாவாத்தாளும் நாசர் பாயும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்குள் லேத் 'கீ' என்று அலற ஆரம்பித்தது. மாசாணம் கண்ணை மூடி, அந்தப் புகழ்பெற்ற காதைத் தீட்டிக்கொண்டார். 'பிளேட்டக் கழட்டறாங்க. ஏழாவது பிளேட்டு' என்று முடிவு செய்தார்.

சத்தம் நின்றது. வலது பக்கம் ஆள் வந்து நிற்கும் அரவம் கேட்டது.

"பாத்துட்டனுங்க" என்றது நாசர் பாயின் குரல்.

"பாய், கையக் குடுங்க" என்றார் மாசாணம். மடியிலிருந்த துண்டை விரித்து வலது கையை நீட்டினார். துண்டுக்குள் ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. கிரீஸ் பிசுபிசுத்தது. காய்த்து உரமேறிய கை. மெக்கானிக் கை என்றால் இதுவல்லவா கை என்று மாசாணம் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

"என்னங்க அது, கையக் கோத்துட்டு?" பாவாத்தாளின் குரல் பக்கத்திலேயே கேட்டது. வெகு பக்கத்தில்.

"மரியாதை அம்மணி. பெரிய மெக்கானிக்குககிட்ட இப்படித்தான் பேசோணும்."

"அப்படீங்களா?"

துண்டுக்குள் கை மாசாணத்தின் மணிக்கட்டைப் பிடித்தது. பத்து. பிறகு நாலு விரலை. பதினாலு.

பதினைந்துக்கு வந்தவருக்குப் பதினாலு என்றால் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டதைக் கொடுத்தால் மாமனார் ஆவி சும்மா விடாது. மாசாணம் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பத்து.

"இந்த வருசம் மழை எப்படிங்க பாய்?" என்றார் காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

"ஆண்டவன் குடுக்கறதுங்க" என்றார் நாசர் பாய்.

மணிக்கட்டு, நாலு விரல். பதினாலு.

பதினொன்று என்றார் மாசாணம். பதினாலு என்றது கை. பன்னிரண்டு என்றார். பதினாலு என்றது. பதின்மூன்று என்று மூன்று விரலைப் பிடித்துக் கெஞ்சுகிற மாதிரி ஒரு தடவிக் கொடுத்தார். கை அவருடைய சுண்டு விரலைத் தனியாகப் பிடித்து ஒரு திருகு திருகியது. கழுத்து வலி மறந்துபோகும்படியான திருகு.

"என்னங்க, கண்ணுல தண்ணி வருது?" என்றது பாவாத்தாளின் குரல்.

"மழைய நெனச்சேன்."

பிறகு கை செய்த காரியம் சந்தை தர்மத்திலேயே இல்லாதது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கியது. பதினைந்து! விலை ஏறுகிறது! மாசாணம் அலறிப் புடைத்துக்கொண்டு நாலு விரலைப் பிடித்தார். பதினாலு, பதினாலு! கை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் துண்டை விட்டு வெளியேறியது. பேரம் முடிந்தது.

"அப்ப எவ்வளவு ஆகுமுங்க பாய்?" என்று பாவாத்தாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"நான் என்னத்தங்க சொல்றது? உங்க மனசுக்கு எப்படிப் படுதோ, பாத்துக் குடுங்க" என்றார் நாசர் பாய்.

"நாலாயிரத்து எண்ணூறு!" என்றார் மாசாணம் சுவரைப் பார்த்து. "மனசார அஞ்சாயிரமாவே குடுத்தரலாம். பாவம், புள்ளகுட்டிக்காரர்."

பாவாத்தாள் நோட்டை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. "காரு எப்பங்க கெடைக்கும்?" என்றாள்.

"மொதல்ல அவருக்குக் கழுத்து சரியாகட்டுமுங்க. சனிக்கெழமை வந்து எடுத்துக்கலாம்" என்றார் நாசர் பாய்.

திரும்பும்போது பஸ்ஸில் மாசாணம் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார். இடது பக்கம் ஜன்னலும் ஜன்னலோரம் பாவாத்தாளும் இருந்ததால் கழுத்தும் தொந்தரவு செய்யவில்லை. தரகர் வீட்டுப் பெண்ணுக்கே தெரியாமல், தரகர் வித்தையை அவள் மூக்குக்கு முன்னாலேயே காட்டிவிட்டோம் என்று நினைக்க நினைக்க இனித்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது அவளைப் பார்க்க. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை ஏழரை எச்.பி. மோட்டாரின் வயிற்றைக் கழற்றி ஒன்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கழுத்து சரியாகியிருந்தது. காரும் சரியாகியிருந்தது. 'டி'க்கு இழுத்தால் போனது. முன்னால்! மாசாணம் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பணக் கவரை நீட்டினார். நாசர் பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சேர வேண்டியவங்களுக்குச் சேத்தர்றனுங்க."

மெட்ராஸ் ஸ்பேர் பார்ட்ஸ்காரர்களைச் சொல்கிறார் என்று மாசாணம் நினைத்துக்கொண்டார். என்ன நாணயமான மனிதர்!

ஒரு வாரம் ஊரெல்லாம் முன்னால் போனார். தேவையில்லாத இடத்துக்கெல்லாம் முன்னால் போனார். கோவிந்தராஜுலுவின் வீட்டு முன்னால் மட்டும் ஒன்பது தடவை முன்னால் போனார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு டில்டிங் கிரைண்டர் நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. பாவாத்தாள் மாவு வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏது இது?"

"பதிமூணாயிரத்து எண்ணூறுங்க."

"வெலையக் கேக்கல. காசு ஏதுன்னு கேக்கறேன்."

"நாசர் பாய் திருப்பிக் குடுத்துட்டாருங்க. என்ற அஞ்சு, உங்க செத்த மோட்டாருக்குள்ள இருந்த ஒம்போது. அத ஒரு நா கடையக் கூட்டறப்பவே பாத்துட்டனுங்க. மொத்தம் பதினாலு. அவருக்குச் சேர வேண்டிய எறநூற மட்டும் எடுத்துக்கிட்டார்."

"எறநூறா? ஏழு பிளேட்டுக்கா?"

பாவாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தேய்ந்து பிய்ந்துபோன ஒரு புஷ், கம்பி முனையில் மாட்டுகிற குட்டி வளையம். சுண்டைக்காய் அளவு இருந்தது.

"பிளேட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குதாமுங்க. கியர்க் கம்பி முனையில இது பிஞ்சு போயி, நீங்க 'டி'க்கு இழுத்தா கம்பி அங்க வரைக்கும் போகலியாம். பக்கத்து லேத்துலயே ஒண்ணு கடைஞ்சு போட்டுட்டார். நீங்க காலண்டர் பாத்துட்டு இருந்தப்பவே வேல முடிஞ்சுது."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மாசாணத்துக்குக் கூலியே பதினாலாயிரம் ஆகியிருந்தது. உள்ளங்கையிலிருந்த சுண்டைக்காயைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது.

"அப்ப பதினாலுதான் வேணும்னு நாசர் பாய் எதுக்கு அந்தப் புடி புடிச்சார்? என்ற சுண்டு வெரல ஒடிக்கப் பாத்தாரே!"

"அவர் எங்கீங்க புடிச்சார்? கையாலயும் பொய் சொல்ல மாட்டேன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிட்டு தள்ளி நின்னுக்கிட்டார். கிரீஸ மட்டும் நான் கேட்டு வாங்கிப் பூசிக்கிட்டேன்."

மாசாணம் கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு... உனக்கு எப்படி அந்த வெரல் கணக்கு?"

"எங்கப்பன் எனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்ததே அதுலதானுங்க. பள்ளிக்கொடத்துல சேத்தறதுக்கு முன்னாலயே துண்டுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணுவேன். நீங்க கட்டல்ல படுத்துட்டு உங்க கையவே புடிச்சுப் பேரம் பேசுனீங்களே, வெளிய இருந்து பாத்தே சொல்லிப்போட்டேன், பன்னெண்டுல நிக்கறீங்கன்னு."

"அது சரி புள்ள." மாசாணத்துக்குக் கடைசியாக ஒரு நியாயம் கிடைத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கழுத்துப் பூட்டிட்டு இருக்கற மனுசன இப்படி ஏமாத்தலாமா? அது உன்ற கைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவாத்தாள் மாவு வழிப்பதை நிறுத்தினாள்.

"தெரியாதுங்க. இருவத்திரண்டு வருசத்துல ஒருக்காவாச்சும் புடிச்சுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மாசாணத்துக்குத் தாங்கவில்லை. பதினாலாயிரம் போனது பெரிதாகத் தெரியவில்லை. லாரி மறைக்கிறது, தலையைச் சாய்த்துக்கொள் என்று சொன்னது ஞாபகம் வந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாசலில் கோவிந்தராஜுலு நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மாவும் பிசுபிசுப்புமாக இருந்த மனைவியின் கையை எட்டிப் பிடித்தார். அதே கை. காய்த்து உரமேறிய கை. எப்படித்தான் தெரியாமல் போயிற்றோ.

பாவாத்தாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தோளில் கிடந்த துண்டு சரிந்து இரண்டு கையின் மேலும் விழுந்தது. உள்ளே அவள் விரல்கள் மெதுவாக அசைந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தன. பிறகு இரண்டு விரலை. மாசாணத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"பன்னெண்டு" என்றார் குழைந்த குரலில். "என்ன கண்ணு பன்னெண்டு?"

"குண்டாவுங்க. மாவு ரொப்பி வெச்சிருக்கறேன். நாலு மணிக்குள்ள பன்னெண்டையும் கார்ல கொண்டுபோயிக் கடைகள்ல எறக்கிப்போட்டு வந்துருங்க. முன்னால பாத்து ஓட்டுங்க."